தீப்பொறி வந்த வழி



சென்னையிலிருந்து திருவள்ளூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பாடி என்னும் எங்கள் ஊர். பழந்தமிழில் பாடி என்ற சொல்லுக்கு ஊர் என்றும், படை தங்கும் இடம் என்றும் பொருள் உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் என்னும் தலம் இதுவே. ஆனால் எங்கள் ஊருக்கு வரும் பேருந்தில் நீங்கள் ஏறினால், நடத்துநர் 'லூகாஸ்' என்று ஒரு நிறுத்தத்தின் பெயரைச் சொல்லக் கேட்கலாம். ஜோசப் லூகாஸ் என்பவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்று வாழ்க்கையைத் தொடங்கி, பின்னர் விளக்குகள் செய்து பெயர் பெற்றவர். அவர் பெயர் சம்பந்தர் பாடிய தலத்துக்கு அருகே ஒரு பேருந்து நிறுத்தத்தில் வந்து ஒட்டிக்கொண்டது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், மோட்டார் எஞ்சினுக்குள் தெறிக்கும் ஒரு சின்னஞ்சிறு தீப்பொறியின் வரலாறு விரிகின்றது.

அவ்வரலாற்றைச் சொல்லுமுன் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1994-ஆம் ஆண்டில் நான் ஒரு மேனிலைப் பள்ளியில் பௌதிக ஆசிரியராக இருந்தேன். அப்போது ஒரு பழைய கார் வாங்கினேன். காலையில் அது நன்றாகவே புறப்படும். அரை மணி நேரம் ஓடியதும் எஞ்சின் விக்கத் தொடங்கும். மெக்கானிக்குகள் இதனை 'மிஸ்ஸிங்' என்பார்கள். நான்கு சிலிண்டர்களில் வெடிக்க வேண்டிய கலவை வெடிக்காமல் வெளியேறுவதால் வரும் விக்கல் அது. சிறிது நேரத்தில் வண்டி நின்றே போகும். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும்.

மண்ணூர்ப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஓர் இளைஞரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் என் பழைய மாணவர்; பத்தாம் வகுப்பில் என் பாடத்திலேயே தவறிப் படிப்பை விட்டவர். எஞ்சின் ஓடும் ஓசையைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, "சார், காயிலை மாற்ற வேண்டும்" என்றார். நான் உடனே ஒப்பவில்லை. காயிலைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று, பள்ளி ஆய்வுக்கூடத்து மல்டிமீட்டரால் சோதித்தேன். முதற்சுருளின் தடை ஏறக்குறைய 3 ஓம். துணைச்சுருளின் தடை பல ஆயிரம் ஓம். நூலில் உள்ளபடியே இரண்டும் சரியாக இருந்தன. மறுநாள் பட்டறைக்குச் சென்று, நல்ல பொருளைக் கெட்டது என்று சொல்லி என்னிடம் பணம் பறிக்கப் பார்ப்பதாக நாலு பேர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் பதில் பேசாமல் காயிலைத் திரும்பப் பொருத்திக் கொடுத்தார்.

இந்தக் காயில் என்பது யாது? நீங்கள் பாடநூலில் படிக்கும் தூண்டு சுருள்தான் அது. எஞ்சினுக்குள் அமுக்கப்பட்ட பெட்ரோல் ஆவியின் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைத் தீப்பொறி தாண்ட வேண்டுமானால், பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தேவை. வண்டியின் பாட்டரி தருவதோ 12 வோல்ட்தான். பன்னிரண்டை இருபதாயிரம் ஆக்கும் வித்தையின் முதல் அத்தியாயம் 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் லண்டனில் எழுதப்பட்டது. கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே, ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளில் மின்சாரம் சீராக ஓடும்போது மற்றதில் ஒன்றும் நிகழவில்லை. மின்சாரத்தைத் தொடுத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே மற்றச் சுருளோடு இணைத்த ஊசி துள்ளியது. மாறும் காந்தப்புலமே மின்சாரத்தைத் தூண்டுகிறது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 1836-இல், அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த நிக்கோலஸ் காலன் என்னும் பாதிரியார், தடித்த கம்பியில் சில சுற்றுகளும் மெல்லிய கம்பியில் மிகப் பல சுற்றுகளும் கொண்ட சுருளை அமைத்துப் பேரழுத்தத்தைப் பெற்றார். அதன் வலிமையை அறிவதற்குத் தம் மாணவர்களுக்கே அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தாராம்! அக்காலத்து மாணவர்களின் பொறுமையை நாம் மெச்சத்தான் வேண்டும்.

பாரிஸ் நகரில் கருவிப் பட்டறை நடத்திய ஹைன்ரிச் ரூம்கார்ஃப் என்னும் ஜெர்மானியத் தொழிலாளி, 1851 முதல் இச்சுருளைத் தம் கைத்திறத்தால் மிகவும் செம்மைப்படுத்தினார். 1853-இல் ஃபிசோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, மின்சாரத்தைத் துண்டிக்கும் இடத்தில் ஒரு கண்டென்சரைச் சேர்க்கும்படி கூறினார். துண்டிப்பு எவ்வளவு விரைவாக நிகழ்கிறதோ அவ்வளவு வலிமையான பொறி கிடைக்கும். துண்டிக்கும் முனைகளும் கருகா. பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளில் 'பாயிண்ட்' அருகே ஒரு சிறு குப்பிபோல் பொருத்தப்பட்ட கண்டென்சர், அந்த யோசனையின் வழித்தோன்றலே. 1864-இல் ரூம்கார்ஃபுக்குப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் நிறுவிய 50,000 பிராங்க் பரிசு வழங்கப்பட்டது.

இச்சுருளை எஞ்சினுக்குக் கொண்டுவந்தவர் லெனுவார். 1860-இல் அவர் பாரிஸில் அமைத்த வாயு எஞ்சினுக்கு ரூம்கார்ஃப் சுருளே தீ மூட்டியது. 1886-இல் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்கு உரிமை பெற்றபோது, அதிலும் பாட்டரியும் அதிரும் சுருளுமே தீப்பொறி தந்தன. அவருக்கு மிகுந்த தொல்லை கொடுத்ததும் இப்பகுதிதான். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அவர் மனைவி பெர்த்தா கணவருக்குத் தெரிவிக்காமலே தம் மகன்கள் இருவருடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் அடைப்பை நீக்கினார். பற்றவைக்கும் கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தபோது, தம் காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். வழியில் நின்ற மோட்டார் வண்டியின் பழுதை ஆராய்ந்து தீர்த்தவர்களுள் முதல்வர் அந்த அம்மையாரே எனலாம்.

பின்னர் முன்னேற்றம் விரைந்து வந்தது. 1902-இல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் பட்டறையைச் சேர்ந்த ஹோனால்டு, பாட்டரியே வேண்டாத பேரழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். 1908-இல் பிறந்த ஃபோர்டின் 'டி' மாதிரி வண்டியில், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு அதிரும் சுருள்கள் மரப்பெட்டிகளில் இருந்தன. அமெரிக்காவில் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியராகவும் இருந்த சார்லஸ் கெட்டரிங், ஒரே சுருளைக் கொண்டு எல்லாச் சிலிண்டர்களுக்கும் முறையாகப் பொறியைப் பங்கிடும் ஏற்பாட்டை வகுத்தார். 1910-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் அது இடம்பெற்றது. பாட்டரி, காயில், பாயிண்ட், டிஸ்டிரிபியூட்டர், பிளக் என்னும் அந்த வரிசை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் ஆட்சி செலுத்தியது. என் பழைய காரில் இருந்ததும் அதுவே.

அந்த ஒற்றைச் சுருளின் உழைப்பை ஒரு கணக்கால் அறியலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு பொறிகள் வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றானால் 6,000 பொறிகள். அதாவது நொடிக்கு நூறு. ஒவ்வொரு பொறிக்கும் ஃபாரடேயின் பரிசோதனை முழுவதும் ஒரு முறை நிகழ்ந்தாக வேண்டும்.

இனி என் கதைக்குத் திரும்புகிறேன். பட்டறையில் நான் சினந்து பேசிய இரண்டு வாரங்களுக்குப் பின், ஆவடியில் ஒரு பள்ளியில் செய்முறைத் தேர்வு நடத்திவிட்டு மதிப்பெண் பட்டியலுடன் திரும்பிக்கொண்டிருந்தேன். அன்று மாலைக்குள் அதனை உரிய இடத்தில் ஒப்படைத்தாக வேண்டும். அம்பத்தூரைத் தாண்டியதும் வண்டி விக்கியது; மண்ணூர்ப்பேட்டையில் நின்றே போயிற்று. கூப்பிடு தூரத்தில் அதே பட்டறை! நான் தயங்கி நின்றேன். ஆனால் அந்த இளைஞர் அழைக்காமலே வந்தார். முன்மூடியைத் திறந்து, காயிலின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, என் பையிலிருந்த மல்டிமீட்டரையே வாங்கி முதற்சுருளில் வைத்தார். முள் அசையவில்லை. சுருள் உள்ளே அறுந்திருந்தது. பின்பு ஈரத்துணி ஒன்றைக் காயிலின் மேல் சுற்றிச் சற்றுப் பொறுத்தார். சில நிமிடங்களில் முள் மெல்ல எழுந்து 3 ஓமுக்கு வந்து நின்றது.

"சார், ஆறியிருக்கும்போது இது நல்ல பிள்ளை. சூடேறினால்தான் தன் குணத்தைக் காட்டும்" என்றார்.

எனக்கு நாணமாக இருந்தது. சூட்டில் உலோகம் விரியும் என்பது நான் ஆண்டுதோறும் கற்பித்த பாடம். உள்ளே விரிசல் கண்ட இணைப்பு, சூடேறி விரிந்ததும் விலகியது; ஆறியதும் கூடியது. நான் என் வீட்டு மேசைமேல் ஆறிய காயிலைச் சோதித்தேன். பழுதோ ஓடும் வண்டியில், கொதிக்கும் எஞ்சினுக்கு அருகில் இருந்தது. பழுது தோன்றும் நிலையில்தான் அதனைச் சோதிக்க வேண்டும் என்னும் எளிய உண்மை, பட்டம் பெற்ற எனக்குத் தோன்றவில்லை. என் பாடத்தில் தவறியவருக்குத் தோன்றியது.

எந்த நாலு பேர் முன் கடிந்துகொண்டேனோ, அவர்கள் முன்பே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். புதுக் காயில் பொருத்தியபின் வண்டி விக்கவில்லை. பட்டியலும் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம், அந்தப் பழைய காயிலை அறுத்து எடுத்துக்கொண்டு அவர் என் வகுப்புக்கு வந்தார். உள்ளிருந்த எண்ணெயையும் மெல்லிரும்புத் தகடுகளையும், தலைமுடிபோல் மெலிந்த கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றப்பட்டிருந்ததையும் அவரே மாணவர்களுக்குக் காட்டினார். நான் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டேன்.

அந்தப் புதுக் காயிலை நான் அன்று கடைக்குச் சென்று எளிதாக வாங்க முடிந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் மோட்டார் வண்டிகள் நெடுங்காலம் வெளிநாட்டு உறுப்புகளைக் கொண்டே பூட்டப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் பம்பாயில் அவ்வாறு செய்துவந்தது. 1953-இல் அரசாங்கம், உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கே இடமுண்டு என்ற கொள்கையை வகுத்தது. வெறுமே பூட்டி விற்ற கம்பெனிகள் வெளியேறின. அப்படியானால் காயிலையும் டைனமோவையும் இங்கே யார் செய்வது? 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம், பேருந்துப் போக்குவரத்தில் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கலங்களையும் அது செய்தது. அந்நிறுவனமும் பர்மிங்ஹாம் லூகாஸ் கம்பெனியும் கூடி 1961-இல் நிறுவியதே பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை. வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவையும் ஏறக்குறைய அதே காலத்தில் இப்பகுதியில் எழுந்தன. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. சக்கரமும், பிரேக்கும், தீப்பொறி தரும் சுருளும் எங்கள் வட்டாரத்துக் கைகளாலேயே உருவாகத் தொடங்கின. நிறுத்தத்துக்கு லூகாஸ் என்ற பெயர் வந்த கதை இதுதான்.

இன்றைய கார்களில் பாயிண்டும் டிஸ்டிரிபியூட்டரும் இல்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில் உண்டு. துண்டிப்பு வேலையைக் கணினி செய்கிறது. எந்தச் சிலிண்டர் விக்குகிறது என்பதையும் அதுவே குறித்து வைக்கும். ஆயினும் சோதிக்கும் முறை மாறிவிடவில்லை. இரண்டாம் சிலிண்டர் விக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அதன் காயிலை மூன்றாம் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்ற வேண்டும். விக்கலும் மூன்றாவதுக்கு நகர்ந்தால் காயிலே குற்றவாளி. நகராவிட்டால், அடுத்து பிளக்கை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது இதன் விதி. இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாமலே போகும். ஓடும் எஞ்சினில் பேரழுத்தக் கம்பிகளைக் கையால் தொடுவதும், பொறி பார்ப்பதற்காகக் கழற்றிப் பிடிப்பதும் ஆபத்தானவை. மேனூத் மாணவர்களைப்போல் நீங்களும் அதிர்ச்சி பெற வேண்டியதில்லை.

பாட்டரியாலேயே ஓடும் வண்டிகளில் பொறிக்கு வேலையில்லை. ஆதலால் ஒருநாள் இந்தக் காயிலும் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஃபாரடே தொடங்கி மண்ணூர்ப்பேட்டை இளைஞர் வரை, இப்பொறியைக் காத்து வளர்த்தவர்களில் பலர் பட்டறையில் கை கறுத்தவர்கள். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்ட பின்பு மீட்டரை எடுங்கள். நான் முதலில் மீட்டரை எடுத்தேன். அதனால்தான் நடுச்சாலையில் நின்றேன்.