இஸ்ரவேலில் முடியாட்சியின் தோற்றம்

இஸ்ரவேலில் முடியாட்சியின் தோற்றம் என்பது, தம்மை ஆளும் அரசர் கடவுள் ஒருவரே என்று நம்பி வாழ்ந்த எபிரேயக் கோத்திரங்கள், சுற்றிலுமிருந்த ஜாதிகளைப் போலத் தமக்கும் ஒரு மனித அரசன் வேண்டுமெனக் கேட்டுப் பெற்ற வரலாற்று மாறுதலைக் குறிக்கும். இது கி.மு. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்ததெனப் பொதுவாகக் கொள்வர். இதற்குரிய தலையாய ஆதாரம் விவிலியத்தின் முதலாம் சாமுவேல் நூல், 8 முதல் 12 வரையுள்ள அதிகாரங்களாகும். முதல் அரசன் மக்களின் பிடிவாதத்தால் வந்தவனா, தெய்வ சித்தத்தால் தெரிந்தெடுக்கப்பட்டவனா என்ற கேள்விக்கு அவ்வதிகாரங்கள் இரு விடைகளையும் தருகின்றன. ஒன்றைக் காப்பாற்றுவதற்காக மற்றொன்றை அவை மறைப்பதில்லை.

முந்திய நிலை. இஸ்ரவேல் என்னும் மக்களின் பெயர், ஏறக்குறைய கி.மு. 1208-இல் எகிப்திய மன்னன் மெர்னெப்தா நாட்டிய கல்வெட்டில் முதன்முதலாகக் காணப்படுகிறது. அதற்குப் பிற்பட்ட தலைமுறைகளில் நியாயாதிபதிகள் என்போர் ஆபத்துக் காலங்களில் தோன்றிப் படை நடத்தினர் என்பதற்கு மேல் திட்டமாகச் சொல்லத்தக்கது சிறிதே. அவர்களுள் கிதியோன், தனக்கும் தன் சந்ததிக்கும் அளிக்க முன்வந்த ஆட்சியை மறுத்து, ஆளுபவர் கடவுளே என்றான். அவன் மகன் அபிமெலேக்கோ சீகேமில் அரசனாகி, மூன்றாண்டில் ஒரு பெண் மதில்மேலிருந்து எறிந்த ஏந்திரக்கல்லால் மடிந்தான்.

பெலிஸ்தரின் நெருக்கம். கடலோரப் பட்டணங்களில் குடியேறிய பெலிஸ்தர் ஆப்பேக்கில் இஸ்ரவேலரை முறியடித்து உடன்படிக்கைப் பெட்டியைக் கவர்ந்து சென்றனர். அப்பெட்டி முன்பு இருந்த சீலோவின் வழிபாட்டிடம் அக்காலத்தை ஒட்டி அழிந்ததென அகழ்வாய்வாளர் பலர் கருதுவர். மலைநாட்டில் கொல்லன் ஒருவனும் இல்லாதபடி பெலிஸ்தர் தடுத்திருந்தமையால், உழவர் தம் கொழுவையும் மண்வெட்டியையும் தீட்டிக்கொள்ளப் பகைவரிடமே செல்ல நேர்ந்தது. இதனைக் கூறும் வசனத்திலுள்ள ‘பிம்’ என்னும் சொல்லின் பொருள் நெடுங்காலம் மறைந்திருந்தது. பழைய மொழிபெயர்ப்புகள் சில அதனை அரம் என்றே கொண்டன. அதே சொல் பொறித்த, எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைந்த, உள்ளங்கையில் அடங்கும் எடைக்கற்கள் அகழ்வாய்வுகளில் வெளிப்பட்ட பின்னரே, அது கூர் தீட்டுவதற்காக உழவன் நிறுத்துக் கொடுத்த வெள்ளியின் அளவு என்று தெளிவாயிற்று. அரசன் வேண்டும் என்ற கோரிக்கையின் பின்னே, ஒரு கொழுவைத் தீட்டுவதற்கும் பகைவனுக்குக் கூலி கொடுத்த குடியானவனின் மனத்தாங்கலும் இருந்ததென்பதை அச்சிறு கல்லைப் போல உணர்த்துவது பிறிதொன்றில்லை.

ராமாவில் நிகழ்ந்த வேண்டுகோள். நியாயாதிபதியான சாமுவேல் முதுமையடைந்து, தன் குமாரரான யோவேலையும் அபியாவையும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக வைத்தான். அவர்கள் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினர். மூப்பர் ராமாவில் கூடி அவனிடம் கூறிய காரணங்கள் இரண்டும் மறுக்கவொண்ணாதவை: அவன் வயது சென்றவன், அவன் குமாரர் அவன் வழியில் நடவாதவர்கள். அவர்கள் மூன்றாவதாகச் சேர்த்த, எல்லா ஜாதிகளையும் போல என்னும் சொல்லே வழக்கின் வேர். மனம் நொந்த சாமுவேலுக்குக் கடவுள் அளித்த மறுமொழி, மக்கள் தள்ளியது சாமுவேலையன்று, தம்மையே என்பது. ஆயினும் அவர்கள் சொல்லைக் கேள் என்ற கட்டளையும் உடன் வருகிறது. அக்கட்டளை அதே அதிகாரத்தில் மூன்று முறை வருவது கவனிக்கத்தக்கது. கோரிக்கை குற்றமென்று சொல்லப்பட்டது. அதைக் கோரும் சுயாதீனம் பறிக்கப்படவில்லை.

அரசன் வந்தால் என்னென்ன செய்வான் என்று சாமுவேல் விரித்துரைத்த எச்சரிக்கையில், ‘எடுத்துக்கொள்வான்’ என்னும் வினை மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. குமாரர் தேர்களுக்கு முன் ஓடுவர். குமாரத்திகள் அரண்மனையில் பரிமளத் தைலம் கூட்டவும் சமைக்கவும் அப்பம் சுடவும் போவர். வயலும் திராட்சைத் தோட்டமும் ஒலிவத் தோப்பும் அரசன் ஊழியருக்குச் சேரும். தானியத்திலும் மந்தையிலும் பத்திலொன்று போகும். இதனைப் பிற்கால அரசனாகிய சாலொமோன் காலத்துக் கசப்பு பின்னர் எழுதிவைத்த நினைவென்று சில அறிஞர் கூறுவர். உகாரித்தில் கிடைத்த ஆவணங்களை ஒப்பிட்டு ஐசக் மெண்டல்சன் 1956-இல் எழுதிய கட்டுரை, கானானிய அரசர்களின் பழைய வழக்கத்தையே இது வருணிப்பதாகக் காட்டுகிறது. எவ்வாறாயினும், மக்கள் அறியாமல் ஏமாந்தனர் என்று சொல்ல இந்நூல் இடம் வைக்கவில்லை. கேட்டார்கள், விலையை அறிந்தார்கள், மறுபடியும் கேட்டார்கள்.

இவ்வளவு பெரிய விவகாரத்தின் அடுத்த அதிகாரம் காணாமற்போன கழுதைகளில் தொடங்குவது இந்நூலின் அழகு. பென்யமீன் கோத்திரத்துக் கீஸ் என்பவனின் மகன் சவுல், தந்தையின் கழுதைகளைத் தேடி ஊரூராய் அலைகிறான். வெறுங்கையுடன் வீடு திரும்பலாமென்கிறான். வேலைக்காரனோ தன்னிடமுள்ள கால் சேக்கல் வெள்ளியைக் காணிக்கையாக்கி ஞானதிருஷ்டிக்காரனைக் கேட்போம் என்கிறான். தண்ணீர் மொள்ள வந்த பெண்கள் வழிகாட்டுகின்றனர். அந்த ஞானதிருஷ்டிக்காரன் சாமுவேலே. சவுல் இவ்வாறு வழி விசாரித்து வருவதற்கு முந்தின நாளே, நாளை இந்நேரம் ஒருவனை அனுப்புவேன் என்று கடவுள் சாமுவேலுக்கு அறிவித்திருந்தார் என நூல் கூறும்போது, மனிதர் தம் இஷ்டப்படி எடுத்துவைத்த ஒவ்வோர் அடியும் அப்படியே இருக்க, அவற்றினூடே தெய்வ சித்தம் நடந்தேறுவதை வாசகர் காண்கின்றனர். சாமுவேல் அவனை அழைத்துச் சென்ற விருந்தில், சமையற்காரன் எடுத்துவைத்திருந்த முன்னந்தொடைக் கறி சவுலுக்கெனக் காத்திருந்தது.

சவுல் அரசனான விதமும் ஒன்றன்று. விடியற்காலையில், வேலைக்காரனை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஊர் எல்லையில் சாமுவேல் தைலம் வார்த்தது முதலாவது. மிஸ்பாவில் எல்லாரும் காணச் சீட்டு விழுந்தபோது, தளவாடங்களுக்குள் ஒளிந்திருந்தவனை இழுத்து வந்து நிறுத்தியது இரண்டாவது. அம்மோனியனாகிய நாகாசிடமிருந்து யாபேஸ் பட்டணத்தை அவன் மீட்ட பின்னர், கில்காலில் மக்களே அவனை அரசனாக்கியது மூன்றாவது. வெவ்வேறு மரபுகள் இங்கே இணைக்கப்பட்டன என்பது ஆராய்ச்சியாளரிடையே பெருவழக்கான அபிப்பிராயம். அவற்றைத் தொகுத்தவர் மூன்றையும் தெரிந்தே விட்டுவைத்தார் என்பது இக்கட்டுரையாளருக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. நாகாஸ் பற்றிய பகுதியில் மூலநூலின் ஒரு பத்தியே விடுபட்டிருக்கலாம். அவன் முன்னரே காத், ரூபன் கோத்திரத்தாரின் வலக்கண்களைப் பிடுங்கியதாகக் கூறும் அப்பத்தி கும்ரான் நான்காம் குகைச் சுருளொன்றில் கிடைத்தது.

பிற்காலம். சவுல் கில்போவா மலையில் மாண்டான். அவனுடைய வயதையும் ஆட்சியாண்டையும் கூறவேண்டிய வசனம் எபிரேய மூலத்தில் சிதைந்துள்ளது. அவனுக்குப் பின் அரசாண்ட தாவீதுக்கும் சாலொமோனுக்கும் பின்னர் நாடு இரண்டாகி, வடநாடு ஏறக்குறைய கி.மு. 722-இலும் யூதா 586-இலும் வீழ்ந்தன.

விளக்கங்கள். உபாகமம் 17-ஆம் அதிகாரம், மக்கள் அரசனை விரும்பினால் கடவுள் தெரிந்துகொள்பவனையே வைக்கவேண்டும் என்று இரு சித்தங்களையும் ஒரே விதியில் பிணைக்கிறது. ஓசியா தீர்க்கதரிசி, அரசனைக் கடவுள் கோபத்திலே கொடுத்தார் என்றார். தல்மூதில் யூதா என்னும் ரபீ அரசனை ஏற்படுத்துவது கடமையென்றும், நெஹோராய் என்பவர் அது மக்களின் முறுமுறுப்பை முன்னிட்டே சொல்லப்பட்டதென்றும் வாதிட்டனர். மூப்பர் கேட்டது தகும், பொதுமக்களே கெடுத்தனர் என்ற சமரசமும் அங்குண்டு. இடைக்கால யூத அறிஞர் மைமோனிதிஸ் கடமையென்ற பக்கம் நின்றார். போர்த்துகல், ஸ்பெயின் அரசர்களின் நிதியலுவல்களைப் பார்த்து, 1492-இல் யூதருடன் நாடு கடந்த ஐசக் அபர்பனேல், அரசர்களை அருகிலிருந்து அறிந்தவர். அரசனின்றி வாழும் வெனிஸ் முதலிய நகரங்களைச் சுட்டி, அரசன் அவசியமில்லை என எழுதினார். 1776-இல் தாமஸ் பெயின் முதலாம் சாமுவேலின் எட்டாம் அதிகாரத்தை ஆங்கில முடியாட்சிக்கு எதிராக விரித்துரைத்தார்.

தமிழில், மிஷனரியான சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1719-இல் மறையுமுன் ரூத் நூல் வரையே பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்திருந்தார். அடுத்து வரும் சாமுவேல் நூல்கள் பெஞ்சமின் சூல்ட்சே 1728-இல் நிறைவு செய்த பகுதியைச் சேர்ந்தவை.

அண்மைய ஆய்வு. விவிலிய ஆய்வாளர் வெல்ஹௌசன் 1878-இல் இவ்வதிகாரங்களை முடியாட்சிக்குச் சார்பான மூலம், எதிரான மூலம் எனப் பிரித்தார். மார்ட்டின் நோத் 1943-இல் தொகுப்பாசிரியர் ஒருவரின் கையை வலியுறுத்தினார். இவை இன்றும் விவாதத்தில் உள்ளன. 1993-இல் தெல் தானில் கிடைத்த அரமேயக் கல்வெட்டில் ‘தாவீதின் வீடு’ என்ற தொடர் காணப்படுவதாகப் பெரும்பாலோர் ஏற்பர். மக்கள் கேட்க, கடவுள் கொடுத்த முதல் அரசனாகிய சவுலின் பெயரைத் தாங்கிய அக்காலக் கல்வெட்டு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.