இந்திய அழகிப் பட்டாம்பூச்சிகள்: பெயரிடலும் இனக்கணக்கும் குறித்த வரலாற்று நோக்கு

தமிழில் இன்று 'அழகிகள்' என வழங்கப்பெறும் பாப்பிலியோனிடே குடும்பத்துப் பட்டாம்பூச்சிகளுள் இந்தியாவில் 100-க்குச் சற்று மேற்பட்ட இனங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பகுதி கிழக்கு இமயத்தையும் வடகிழக்கு மலைகளையும் சார்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வன 19 இனங்கள். இவ்வெண்களை இயற்கை நேரடியாக வழங்கிய தரவாகக் கொள்வது பொதுவழக்கு. ஆனால் இக்கணக்கு ஒரே சீராக வளர்ந்ததன்று. இனம் என்று கருதப்பட்டவை பல ஒன்றாக இணைந்தும், ஒன்றெனக் கருதப்பட்டவை பிரிந்தும் உருவானதே இன்றைய பட்டியல். அவ்வரலாற்றையும், அதனூடாகத் தமிழ், பாண்டியர், திராவிடம் ஆகிய சொற்கள் பட்டாம்பூச்சிகளின் இலத்தீன் பெயர்களில் இடம்பெற்றதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்சிறகின் வால் போன்ற நீட்சியே இக்குடும்பத்திற்கு ஆங்கிலப் பெயரைத் தந்தது. எனினும் லடாக்கின் உயர்நிலங்களில் பறக்கும் அப்போலோ வகைகளுக்கு அந்த வால் இல்லை. தென்னகத்தின் நீல அழகிக்கும் இல்லை. இவை அனைத்தையும் ஒரே குடும்பமாக இணைப்பது புழுவின் தலைக்குப் பின்புறம் மறைந்திருந்து, தீண்டியவுடன் வெளிவந்து மணம் வீசும் கவை வடிவ உறுப்பு. கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழுவைத் தொட்டவர் அம்மணத்தை அறிவர். சிறகை மட்டும் நோக்கியவர்க்கு இவ்வுறவு புலப்படாது என்பது பின்வரும் செய்திகளுக்கு அடிப்படை.

திராய்ப் போரின் மாந்தர்

1758-இல் வெளிவந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில் கார்ல் லின்னேயஸ் எல்லாப் பட்டாம்பூச்சிகளையும் 'பாப்பிலியோ' என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். பெரிய சிறகுடையவற்றை வீரர் எனக் கொண்டு, அவ்வீரரைத் திராயர், கிரேக்கர் என இரு படைகளாக வகுத்தார். மார்பில் குருதித்துளி போன்ற செந்நிறமுடைய கரிய பட்டாம்பூச்சிகள் பெரும்பாலும் திராயர் படையைச் சார்ந்தன. தமிழகச் சமவெளிகளில் இன்றும் மிகுதியாகப் பறக்கும் சிவப்புடல் அழகிக்கு ஹெக்டர் என்னும் பெயர் இவ்வாறே வாய்த்தது. நெட்டிலிங்க மரத்தில் முட்டையிடும் பச்சைப் புள்ளிப் பட்டாம்பூச்சி அகமெம்னன் ஆயிற்று. பொருள்களைக் கப்பல்கள் கொணர்ந்தன. பெயர்களைக் காவியம் தந்தது. உலர்ந்த மாதிரியின் சிறகைத் தவிர வேறெதுவும் அறியவியலாத நிலையில், நினைவில் நிறுத்த எளிய ஒரு பெயர்த்தொகுதி அவருக்குத் தேவைப்பட்டது. ஹோமரின் பாத்திரங்கள் அத்தேவையை நிறைவு செய்தனர். இம்முறையைக் கற்பனை விளையாட்டு என ஒதுக்குவது பொருந்தாது.

எனினும் சிறகை மட்டும் கொண்டு இனம் பிரித்ததன் விளைவு அந்நூலிலேயே காணக்கிடக்கிறது. பம்மோன், பொலிட்டஸ் என இரண்டு இனங்களை லின்னேயஸ் அதில் பதிவு செய்தார். இருவரும் திராய் மன்னன் பிரியாமின் மக்கள். 1775-இல் ஆம்ஸ்டர்டாமின் பீட்டர் கிராமர் ரோமுலஸ் என மூன்றாவதொன்றைச் சேர்த்தார். இம்மூன்றும் இன்று கறிவேப்பிலை அழகி எனப்படும் ஒரே இனம். பம்மோன் அதன் ஆண். பொலிட்டஸ், ரோமுலஸ் இரண்டும் அதன் பெண்ணின் வேறுபட்ட வடிவங்கள். ஆணையே ஒத்த பெண் வடிவமும் உண்டு. கிளைட்டியா, டிஸ்ஸிமிலிஸ் என்பவற்றிலும் இதுவே நிகழ்ந்தது. லின்னேயஸ் தனித்தனியே பெயரிட்ட அவ்விரண்டும் ஒரே இனத்தின் இரு தோற்றங்கள். டிஸ்ஸிமிலிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'ஒவ்வாதது' என்று பொருள்.

ஒரு தாய், பல தோற்றம்

இச்சிக்கலை அவிழ்ப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. மலாய்த் தீவுகளின் அழகிப் பட்டாம்பூச்சிகளைப் பற்றி ஆல்பிரட் ரசல் வாலஸ் 1864-இல் லின்னேயச் சங்கத்தில் படித்து, 1865-இல் அச்சிட்ட கட்டுரை இதில் திருப்புமுனை. ஒரே இனத்துப் பெண்கள் பல வடிவினராக இருத்தல் கூடும் என்றும், அவ்வடிவங்கள் பறவைகள் உண்ண விரும்பாத பிற பட்டாம்பூச்சிகளை ஒத்துள்ளன என்றும் அவர் காட்டினார். கறிவேப்பிலை அழகியின் ஒரு பெண் வடிவம் ரோசா அழகியைப் போன்றது. ரோமுலஸ் வடிவம் ஹெக்டரைப் போன்றது. ஹெக்டர் வாழும் இந்தியா, இலங்கைப் பகுதிகளிலேயே ரோமுலஸ் பெரிதும் காணப்படுதல் இவ்விளக்கத்திற்கு வலுச் சேர்க்கிறது. ரோசா அழகியும் ஹெக்டரும் புழுப்பருவத்தில் ஈசுரமூலி இனத்துக் கொடிகளை உண்டு அவற்றின் நச்சைத் தம் உடலில் தேக்குபவை. கறிவேப்பிலை அழகிக்கு அந்நச்சு இல்லை; அதன் தோற்றமே அதற்குக் காப்பு. இந்த இனத்திற்கு ஆங்கிலத்தில் 'மோர்மன்' என்னும் பெயர் அமைந்ததற்கும் ஆண் ஒன்றுக்குப் பெண் வகை பல என்பதே காரணமாகக் கூறப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் ஒரு சமயப் பிரிவினர் பற்றிய ஏளனம் நம் கொல்லைப்புறப் பூச்சியின்மேல் ஏறிய விதம் விந்தையே.

வாலஸின் கருத்து சோதனையால் நிறுவப்பட்ட இடம் இலங்கை. அங்கு ஜே. சி. எப். பிரையர் இப்பட்டாம்பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, பெண் வடிவங்கள் மெண்டலின் விதிப்படி மரபுவழி இறங்குவதை 1913-இல் வெளியிட்டார். ஆணும் அம்மரபுக் காரணிகளைச் சுமக்கிறது. ஆனால் அதன் சிறகில் அவை வெளிப்படுவதில்லை. பூச்சிகளின் பால் வேறுபாட்டை நெறிப்படுத்தும் டபுள்செக்ஸ் என்னும் மரபணுவே இவ்வடிவங்களுக்குப் பொறுப்பு என்பதைக் கிருஷ்ணமேக் குந்தேயும் அவர்தம் குழுவினரும் 2014-இல் காட்டினர். இனக்கணக்கிலிருந்து இரண்டு பெயர்கள் நீங்கின; ஆனால் ஓரினத்துள் எத்தனை வேறுபாடு அடங்கும் என்ற அறிவு அதனால் பெருகியது.

நிலப்பெயர்களின் வருகை

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காவியப் பெயர்கள் தீரத் தொடங்கின. அவ்விடத்தை நிலம், இனம், சமயம், ஆட்சி சார்ந்த பெயர்கள் பெற்றன. வெஸ்ட்வுட் 1872-இல் ஒன்றிற்குப் புத்தா எனப் பெயரிட்டார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் வுட்-மேசன் 1880-இல் மற்றொன்றைத் திராவிடாரும், அதாவது 'திராவிடர்களுடையது' என்றார். இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பிரடெரிக் மூர் 1881-இல் பாண்டியானா, தமிலானா என்னும் பெயர்களை வழங்கினார். அந்தமானுக்குரிய ஓர் அழகி மேயோ எனப்பட்டது. அரசப்பிரதிநிதி மேயோ பிரபு போர்ட் பிளேரில் கொல்லப்பட்டது 1872-இல். இமயக் காடுகளின் பச்சைநிற அழகியோ, விக்டோரியா ஏற்ற பட்டமாகிய 'கைசர்-இ-ஹிந்த்' என்பதையே வழக்குப்பெயராகக் கொண்டுள்ளது.

கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1875-இல். வுட்-மேசனின் பெயரீடு அதற்கு ஐந்தாண்டுகள் பிற்பட்டது. மொழியியலில் நிலைபெற்ற ஒரு சொல் விலங்கியலாரின் கையிலும் தென்னிந்தியாவைக் குறிக்கும் சுருக்கக் குறியாகப் பயன்பட்டதை இது காட்டுகிறது. ஆயினும் இங்குத் தமிழாய்வாளர் எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். பாண்டியானா வைகைச் சமவெளியின் பூச்சியன்று. கோவாவிலிருந்து கேரளம் வரை மேற்கு மலையின் மழைக்காடுகளில் வாழ்வது. ஆங்கிலத்தில் அதற்கு 'மலபார் ரோஸ்' என்றே பெயர். திராவிடாரும் 'மலபார் ரேவன்' எனப்படுகிறது. ஒரே பூச்சி ஒரு மொழியில் பாண்டியருக்கும் இன்னொரு மொழியில் மலபாருக்கும் உரியதாகிறது. இப்பெயர்களைக் கொண்டு அவ்வுயிரிகளின் தாயகம் பற்றியோ தொல்தமிழர் அறிவு பற்றியோ முடிவு கூறுதல் பிழை. பெயரிட்டோரின் மேசைமீது கிடந்த சொற்களஞ்சியத்திற்கே அவை சான்று. 'பாரிஸ் தமிலானா' என்ற துணையினப் பெயரில் திராய் இளவரசனும் தமிழும் அருகருகே நிற்பதைக் காண்போர்க்கு இது எளிதில் விளங்கும்.

இக்காலத்திற்குப் பின் கணக்கு எதிர்த்திசையிலும் நகர்ந்தது. பாண்டியானா இலங்கைக்கே உரிய ஜோபோன் இனத்தின் துணையினமாக ஒருகாலத்தில் கருதப்பட்டது. தென்னகத்தின் பெரிய பொன்னழகியாகிய மினோஸ், ஹெலினா என்னும் இனத்துள் அடக்கப்பட்டிருந்தது. இன்று இரண்டும் தனி இனங்கள். மினோஸ் கர்நாடகத்தின் மாநிலப் பட்டாம்பூச்சியுமாகும். மகாராட்டிரம் 2015-இல் நீல அழகியையும், கேரளம் 2018-இல் புத்தாவையும் தேர்ந்தன. தமிழ்நாடு 2019-இல் தேர்ந்த தமிழ் மறவன் வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது.

இலைவழி அறிதல்

பெயரீட்டு வரலாற்றில் ஒரு பெயர் தனித்து நிற்கிறது. ரோசா அழகிக்கு 1775-இல் பெப்ரிசியஸ் இட்ட அரிஸ்டோலோகியே என்பது ஈசுரமூலியின் பேரினப் பெயரிலிருந்து வந்தது. வீரனோ அரசனோ இன்றி, உயிரி வாழும் கொடியையே அது சுட்டுகிறது. ஆயினும் இலைவழி அறியும் முறை இந்தியக் களத்தில் முழுமை பெற்றது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். வட கன்னட மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த டேவிட்சன், வனத்துறையின் பெல், உப்பு-சுங்கத் துறையின் எய்ட்கென் ஆகிய மூவரும் புழுக்களைத் தேடி வளர்த்து, உண்ணும் செடியையும் கூட்டுப்புழுவின் வடிவையும் பதிந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் 1896 முதல் தொடராக வெளியிட்டனர். மார்ஷலும் டி நிசேவிலும் 1882-இல் தொடங்கிய பெருநூல் மூன்று தொகுதிகளோடு, அழகிகளை எட்டுமுன்னரே 1890-இல் நின்றுபோனது. அருங்காட்சியகத் தொகுப்புகளின் துணையுடைய அப்பெருமுயற்சியைவிட, ஒரு மாவட்டத்து அலுவலர் மூவரின் வளர்ப்புப் பெட்டிகள் இக்குடும்பத்தைப் பற்றி மிகுதியாகக் கூறின என்பது என் கருத்து.

நாட்டின் பரப்பில் இக்குடும்பம் பரவியுள்ள முறையும் இலைவழியே தெளிவாகும். வறண்ட காடுகளில் கிரினோ பொரசு மரத்தை நாடுகிறது. நாரத்தையும் எலுமிச்சையும் வளரும் ஊர்களிலெல்லாம் டெமோலியஸ் உண்டு. லடாக்கின் அப்போலோக்கள் பாறையிடுக்கில் தழைக்கும் சிறு செடிகளைச் சார்ந்தவை. தமிழில் அண்மைக் காலத்தில் உருவான பெயர்களுள் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்பன இவ்வறிவின்மேல் எழுந்தவை. சிவப்புடல் அழகி என்பதோ இன்னும் உடலின் நிறத்தையே சுட்டுகிறது; அதன் புழு உண்ணும் ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் நம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலம் பெயர் பெற்று விளங்கும் மூலிகைகள்.