முதல் இரண்டு மணி நேரம்



போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். அந்தப் பெண்ணைக் கல்லூரியில் இணையவழிப் பாடம் ஒன்றில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். "எல்லாமே ஃப்ரீயாம் டீச்சர், வீட்டிலேயே உக்காந்து படிச்சுக்கலாமாம். ஆனா எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை" என்றார். சுரங்கத்தில் மலை போன்ற இயந்திரத்தை ஓட்டுகிற மனிதர். இதைச் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு கூச்சம். அந்தக் கூச்சத்தைப் பார்த்ததும் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

தூரத்தில் இருந்துகொண்டே படிப்பது ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால்தலை வந்தது. ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மாணவர் எழுதி அனுப்புவார், அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். ஒன்றைக் கவனியுங்கள். பாடம் தபாலில் போனதோடு அவர் நிறுத்தவில்லை. மறுமுனையில் திருத்தித்தர ஒரு கை இருந்தது.

நம் நாட்டில் 1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1979-ல் வந்தது. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் மட்டும் நான்கு பேர் அஞ்சல்வழியில் படித்தார்கள். என் கணவரும் அதில் ஒருவர். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்து, சாயங்காலம் வாசல் திண்ணையில் புத்தகத்தோடு உட்காருவார்.

அந்த நான்கு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் தெரியுமா? பக்கத்து வட்டத்தில் அலுவலக கிளார்க்காக இருந்த ஒரு பெரியவர்தான் காரணம். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வது, டிமாண்ட் டிராஃப்ட் எடுப்பது, எந்தச் சான்றிதழை அட்டெஸ்ட் பண்ணி வைப்பது, நேர்முக வகுப்புக்கு எந்தத் தேதியில் லீவு போடுவது என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஆனால் அவர் இல்லையென்றால் அந்த நால்வரும் விண்ணப்பப் படிவத்தோடே நின்றிருப்பார்கள்.

பிறகு வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. இங்கிலாந்தில் 1969-ல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கி, 1971-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். பிபிசியில் பாடம் ஒளிபரப்பானது. அப்படியும், மாணவர்களுக்கு அவரவர் பகுதியிலேயே வழிகாட்டி ஆசிரியர்களையும் வைத்தார்கள். நம் நாட்டில் 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி ஒளிபரப்பு தூர்தர்ஷனில் வந்தது. அடுத்த வருடம் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2004 செப்டம்பர் 20-ல் கல்விக்கென்றே 'எஜுசாட்' செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். ஒவ்வொரு முறையும் நாங்கள் ஆசிரியர் அறையில், "இனிமேல் நமக்கு வேலை இருக்காது" என்று சிரித்துக்கொள்வோம்.

இணையம் வந்தபோதும் அதையேதான் சொன்னோம். 2001-ல் அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை எல்லாருக்கும் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது. 2003-ல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து மத்திய அரசின் நிதியில் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. ஐஐடி வகுப்பறைக்குள் நுழைய நுழைவுத்தேர்வு எழுதியாக வேண்டும். அந்தப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதுவதை மந்தாரக்குப்பத்தில் ஒரு பையன் காசில்லாமல் பார்க்கலாம் என்றால், அது சின்ன விஷயமா? 2014-ல் அதில் தேர்வும் சான்றிதழும் வந்தன. 2017 ஜூலை 9-ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் தொடங்கப்பட்டது.

ஆனால் உலகம் முழுக்க ஒரு விஷயம் தெரிய வந்தது. 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் திறந்து வைத்தது. ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். முடித்தவர்கள் அதில் ஏழில் ஒரு பங்குதான். பாடம் கடினம் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் இல்லை என்று நான் கற்றுக்கொண்டது ஒரு மாணவியிடம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

2018-ல் நடந்தது. நான் ஓய்வு பெற்றிருந்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்கு படித்த பெண், பொறியியல் கடைசி வருடம். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. கேட்டருகே நின்று, "டீச்சர், ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல சேரணும், எப்படின்னு சொல்றீங்களா?" என்றாள். நான் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தேன். "எல்லாம் அதிலேயே போட்டிருக்கும்மா, பொறுமையா படிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனேன். இரண்டு நிமிடம்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை.

அவள் ஒரு பிரௌசிங் சென்டரில் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்தவர் ஒரு மெயில் ஐடி உருவாக்கி, பெயரைப் பதிவு செய்து, பாடத் தளத்தின் கடவுச்சொல்லை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். மெயிலின் கடவுச்சொல்லை அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பன்னிரண்டு வாரமும் பாடம் கேட்டாள். இரண்டு நோட்டு நிறைய குறிப்பு எழுதினாள். ஒரு வாரம்கூட ஒப்படைப்பைத் தவறவிடவில்லை. ஆனால் பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு என்பது அவளுக்குத் தெரியாது. அதை நினைவூட்டி வந்த கடிதங்கள் எல்லாம் அவள் திறக்கவே முடியாத அந்த மெயிலில் கிடந்தன. தோழிகளுக்கு ஹால் டிக்கெட் வந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது.

அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு மறுபடி என்னிடம் வந்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. "பாடம் எல்லாம் புரிஞ்சுது டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருடம் முன்பு அந்த கிளார்க் பெரியவர் செய்ததை, ஆசிரியையான நான் செய்யவில்லை.

இந்தத் திட்டங்களை நடத்துபவர்களுக்கும் இது தெரிந்துதான் இருக்கிறது. என்பிடெல்லில் பாடம் இலவசம், தேர்வுக்குத் தனிப் பதிவு, தனிக் கட்டணம். வார ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. இதையெல்லாம் எடுத்துச்சொல்ல, கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகள் வைத்து, ஒவ்வொரு கிளைக்கும் ஓர் ஆசிரியரைத் தொடர்பாளராகப் போட்டிருக்கிறார்கள். ஐஐடியின் பாடமே ஆனாலும், கல்லூரி வராண்டாவில் ஒருவர் நின்று "தம்பி, தேர்வுக்குப் பதிவு பண்ணிட்டியா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இது எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போது மிகவும் கைகொடுத்தது. ஆனாலும் 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருத் தெருவாக அனுப்ப வேண்டி வந்தது. திரை மட்டும் போதவில்லை, பக்கத்தில் உட்கார ஆள் தேவைப்பட்டது. 1840 முதல் இன்றுவரை ஒரே கதைதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோதே கரிய பொருள் வெளியே வந்தது. ஆனால் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவம் முதன்முதலாக வெளிப்பட்டது 1961 ஆகஸ்டில்தான். கரி கீழேதான் இருந்தது. மேலே கிடந்த மண்ணை அகற்றுவதும், அடியில் அழுத்திக்கொண்டிருந்த நீரை இறைப்பதும்தான் பெரிய வேலை. இணையப் பாடமும் அப்படித்தான். பாடம் உள்ளே இருக்கிறது. மெயில், கடவுச்சொல், ஓடிபி, தேதி இதெல்லாம் மேல்மண். படித்த நமக்கு அது ஒரு சாண் ஆழம். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு நூறு அடி.

அந்தப் பெண்ணுக்குப் பிறகு, என்னிடம் வரும் பிள்ளைகளை முதல் நாள் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்புகிறேன். நான் செய்வது இவ்வளவுதான்:

1. மெயிலை அந்தப் பிள்ளையே தன் கையால் திறக்கவேண்டும். என் விரல் போனில் படாது. கடவுச்சொல் அதற்கு மட்டுமே தெரியவேண்டும்.

2. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படியோ, அப்படியே பெயர். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதைக்கூடப் பார்க்கவேண்டும். நாளைக்குச் சான்றிதழில் வரப்போவது அந்தப் பெயர்தான்.

3. மாறாத ஒரு போன் நம்பர். ரீசார்ஜ் பண்ணாமல் செத்துப்போகும் நம்பருக்கு ஓடிபி வராது.

4. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் மூன்று தேதிகள்: பாடம் தொடங்கும் நாள், தேர்வுப் பதிவின் கடைசி நாள், தேர்வு நாள்.

5. முதல் வீடியோவையும் முதல் ஒப்படைப்பையும் என் எதிரிலேயே முடிக்கவேண்டும். அதற்குப் பிறகு பயம் போய்விடும்.

6. புதன்கிழமைதோறும் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பவேண்டும். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். நான்காவது வாரம் சோர்வு வரும்போது அந்த ஒரு வார்த்தைதான் பிடித்து இழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பெண்ணும் இதையெல்லாம் செய்தாள். அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டார். "ஷிஃப்ட்ல ரெண்டு மூணு பேர் கேட்டுக்கிட்டே இருக்காங்க டீச்சர்" என்றார்.

அந்த 2018 பெண்ணுக்குக் கடைசி வருடம் என்பதால் அந்தச் சான்றிதழ் கிடைக்காமலே போயிற்று. இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். போன வருடம் அவள் தம்பி கல்லூரியில் சேர்ந்தான். அவனுடைய நோட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். சிவப்பு மையில் மூன்று தேதிகள். கீழே ஒரு வரி: "நான் பக்கத்துல உக்காந்துட்டேன் டீச்சர்."

உங்களில் பலர் இன்று சென்னை, பெங்களூரு, துபாய், அமெரிக்கா என்று கணினியோடேயே இருக்கிறீர்கள். ஊருக்கு வரும்போது எனக்குப் பழம், ஸ்வீட் எல்லாம் வேண்டாம், சர்க்கரை இருக்கிறது. உங்கள் பழைய தெருவில் ஒரு பிள்ளையோடு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். அது போதும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
நெய்வேலி