ஒரு பெட்டிக்குள் ஆறு புலிமுகச் சிலந்திகள்

கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் ஒருநாள் வீடியோ அழைப்பில் தன் அறையைக் காட்டினான். மேசையில் உயரமான ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நிமிர்த்தி வைத்த மரப்பட்டைத் துண்டுகள். கைபேசி வெளிச்சம் பட்டதும் வரிவரியான ஒரு கால் மெல்லப் பட்டைக்குப் பின்னால் போய் மறைந்தது.

"ஆறு பேர் இருக்கினம் மாமா. எல்லாம் ஒரே தாயின்ர பிள்ளையள்" என்றான்.

பெட்டியில் ஒட்டியிருந்த துண்டில் 'ஸ்ரீலங்கன் ஓர்னமென்டல்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உதை எங்கட கோடிக்குள்ள கண்டா விளக்குமாத்தால அடிச்சுப்போடுவம். இவன் காசு குடுத்து வாங்கி வச்சிருக்கிறான்" என்றார்.

சில மாதங்களில் ஆறு நான்காகிவிட்டது. ஒன்றின் கால்கள் மட்டும் பெட்டியின் அடியில் கிடந்தன. இன்னொன்று தோல் உரித்த மறுநாள் காணாமற்போனது. "ஒரே குடும்பந்தானே மாமா, ஏன் தின்னுதுகள்?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. தேடி வாசித்ததில் கிடைத்தவைதான் கீழே உள்ளவை.

எங்கட ஊர்ச் சிலந்தி

டரன்டுலா என்றால் அமேசன் காட்டையோ மெக்சிகோப் பாலைவனத்தையோ நினைப்பவர்களே அதிகம். ஆனால் உலகெங்கும் சிலந்தி வளர்ப்பவர்கள் விரும்பித் தேடும் ஒரு பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. அதன் பெயர் பொய்சிலோதீரியா. கிரேக்க மொழியில் 'பலவண்ண விலங்கு' என்று பொருள்படும். சிங்களத்தில் 'திவி மகுளுவா', அதாவது சிறுத்தைச் சிலந்தி. நாங்கள் புலிமுகச் சிலந்தி என்கிறோம்.

இந்தப் பேரினத்தில் சுமார் 15 இனங்கள் உள்ளன. உலர் வலயத்தில் தென்னந்தோட்டம் வரைக்கும் காணப்படும் 'ஃபாசியாட்டா'வை 1804ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி லத்ரேய் விவரித்துவிட்டார். மலையகத்தில் 'சப்ஃபஸ்கா', தென்மேற்கு ஈரவலயத்தில் 'ஓர்னாட்டா', அம்பாந்தோட்டைப் பக்கம் 'விட்டாட்டா' எனப் பகுதிக்குப் பகுதி இனம் மாறும். மருமகனின் பெட்டியில் இருப்பது ஃபாசியாட்டா. வளர்ந்த பெண் சிலந்தி கால் விரித்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டின் பெரும்பகுதியை மூடும்.

இவை நிலத்தில் வளை தோண்டுவதில்லை. பழைய மரங்களின் பொந்துகளிலும் கழன்று நிற்கும் பட்டைக்குப் பின்னாலும் இருந்துகொண்டு, இரவில் வாசலுக்கு வந்து பூச்சி பிடிப்பவை. ஒரு மரத்தில் நல்ல பொந்து ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதனால் தாயும் அதன் குஞ்சுகளும் ஒரே பொந்தில் மாதக்கணக்கில் ஒன்றாக இருப்பதைக் காட்டில் கண்டிருக்கிறார்கள். டரன்டுலாக்கள் பொதுவாகத் தனியே வாழ்பவை. முட்டைக் கூட்டிலிருந்து வெளிவந்து சிறிது நாளில் குஞ்சுகள் சிதறிப்போய்விடும். இந்தப் பேரினம் அந்த வழக்கத்துக்குச் சற்று விலகி நிற்பதால்தான் ஒரே பெட்டியில் பலவற்றை வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வளர்ப்பவர்களுக்கு வந்தது.

சகிப்பு வேறு, கூட்டுவாழ்வு வேறு

மருமகனுடைய கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. உலகில் விவரிக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000ஐத் தாண்டிவிட்டன. அவற்றுள் உண்மையாகவே கூட்டமாக வாழ்பவை, அதாவது வாழ்நாள் முழுவதும் ஒரே வலையில் இருந்து ஒன்றாக வேட்டையாடி ஒன்றாகக் குஞ்சு பராமரிப்பவை, முப்பதுக்கும் குறைவு. அந்தச் சிறிய பட்டியலில் டரன்டுலா ஒன்றுகூட இல்லை. எங்கள் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் 'ஸ்டெகோடிஃபஸ் சரசினோரம்' என்ற சிறிய சிலந்தியைச் சொல்லலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட பற்றைகளில், முட்செடிகளில், அழுக்குப் பஞ்சு சுற்றியதுபோல் கூடு கட்டும். ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கில் இருந்து, மாட்டிய வெட்டுக்கிளியைச் சேர்ந்தே இழுத்து வந்து சேர்ந்தே தின்னும்.

பொய்சிலோதீரியா அப்படியல்ல. பக்கத்தில் இருப்பதைச் சகித்துக்கொள்ளும், அவ்வளவுதான். வயிறு நிறைந்திருக்கும்வரை, ஒளிந்துகொள்ள இடம் இருக்கும்வரை, உடன்பிறந்தது ஏறத்தாழத் தன்னளவில் இருக்கும்வரை அந்தச் சகிப்பு நீடிக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பக்கத்தில் இருப்பது இரையாகிவிடலாம்.

டரன்டுலாக்களுள் கூட்டாக வைப்பதற்குப் பேர்போனது யேமனுக்குச் சொந்தமான சொகோட்ரா தீவில் மட்டும் வாழும் 'மொனோசென்ட்ரோபஸ் பல்ஃபூரி'. கால்கள் நீலம், உடல் இளமஞ்சள் சாயல். 1897இல் விவரிக்கப்பட்டது. இது மண்ணுக்குள் வாழ்வது. தாய் பிடித்த இரையைக் குஞ்சுகள் சூழ்ந்து தின்பதையும் தாய் அதைத் தடுக்காமல் விடுவதையும் வளர்ப்பவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று தலைமுறை வரை வைத்திருந்தவர்கள் உண்டு. டரன்டுலாக்களில் இதுதான் கூட்டுவாழ்வுக்கு மிகக் கிட்டப் போனது. பொய்சிலோதீரியாவில் இந்தியாவின் 'ரீகாலிஸ்', எங்கள் மலையகத்துச் 'சப்ஃபஸ்கா' ஆகியவற்றைத்தான் கூட்டாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். அவையும் பல்ஃபூரியளவுக்கு நம்பகமானவை அல்ல.

பெட்டிக்குள் நடப்பது

அனுபவமுள்ளவர்கள் முதலில் சொல்வது, ஒரே முட்டைக் கூட்டில் பிறந்த குஞ்சுகளைப் பிரிக்காமல் சேர்த்தே வளர்க்க வேண்டும் என்பதுதான். தனியாக வளர்ந்த ஒன்றைப் பின்னர் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது அந்நியம். வேறு இனங்களைக் கலப்பது அதைவிட மோசம். அளவும் முக்கியம். ஒன்று வேகமாக வளர்ந்து மற்றவை பின்தங்கினால் பெரியது சின்னதைச் சாப்பாடாகவே பார்க்கும்.

மரத்தில் வாழும் இனத்துக்குப் பெட்டி அகலத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். தக்கை மரப்பட்டையைக் குழாய்போல் நிமிர்த்தி வைப்பார்கள். சிலந்தியின் எண்ணிக்கையைவிட ஒளிவிடங்கள் கூடுதலாக இருப்பது நல்லது. பொந்து ஒன்றுதான் என்றால் அதற்கே சண்டை. அடியில் ஈரம் தாங்கும் மண், ஒரு சிறிய தண்ணீர்ச் சிரட்டை, பக்கவாட்டில் காற்றோட்டத் துளைகள். காற்றோட்டம் இல்லாத ஈரப்பெட்டி சண்டையைவிட அதிகம் சிலந்திகளைக் கொன்றிருக்கும் என்பது என் ஊகம்.

சாப்பாட்டில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஒரு பெரிய கரப்பானைப் போடுவதல்ல, ஒரே நேரத்தில் சிறிய பூச்சிகள் பலவற்றைப் பெட்டியின் வெவ்வேறு மூலைகளில் விட வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்து மற்றதற்குக் கிடைக்காத நாள் வரக்கூடாது. தின்னாமல் மிஞ்சிய பூச்சியை எடுத்துவிடவும் வேண்டும். தோல் உரிக்கும் சிலந்தியை ஒரு பசித்த வெட்டுக்கிளியே கடித்துக் கொன்றுவிடும்.

தோல் உரிப்பு என்பதுதான் பெரிய கண்டம். சிலந்தி வளர்வதற்குப் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய பின் சில நாட்களுக்கு உடல் மென்மையாக இருக்கும். நச்சுப் பற்கள்கூட வெள்ளையாக, கடிக்கப் பலமில்லாமல் இருக்கும். ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. மருமகனின் இரண்டாவது சிலந்தி காணாமற்போனது அந்த நேரத்தில்தான்.

கூட்டுப் பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்கள் பெண்களுக்கு முன்னரே முதிர்ந்து, இணை தேடி அலையத் தொடங்கும். காட்டில் என்றால் வேறு மரத்துக்குப் போகும். பெட்டிக்குள் போக இடமில்லை. சகோதரியோடு இணைசேரும், அல்லது சகோதரிக்கு இரையாகும். பெண் சிலந்தி பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. ஆணுக்கு முதிர்ந்த பின் ஆயுள் மிகக் குறைவு.

நஞ்சையும் மறக்கக்கூடாது. தென்னமெரிக்க டரன்டுலாக்களிடம் இருக்கும் அரிப்பு மயிர் இவற்றிடம் இல்லை. அதனால் நேரே கடிதான். கடித்தால் கடும் வலியும், சில மணித்தியாலங்கள் கழித்துத் தசைப்பிடிப்பும் வரலாம். பிடிப்பு நாட்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. இதற்கென்று முறிமருந்து இல்லை, அறிகுறிகளுக்கே சிகிச்சை செய்வார்கள். வன்னியிலோ தீவகத்திலோ வீட்டில் கடி வாங்கினாலும் இதே கதைதான். கீறி இரத்தம் எடுப்பது, கட்டுக் கட்டுவது எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், குழந்தை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. மின்னல் வேகத்தில் ஓடும் ஆறு சிலந்திகள் இருக்கும் பெட்டியைத் திறந்து துப்புரவு செய்வது எப்படியிருக்கும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

மாங்குளமும் மன்னாரும்

தேடிக்கொண்டு போனபோது எதிர்பாராத இடத்தில் எங்கள் ஊர்ப் பெயர்கள் வந்தன.

2009 ஒக்ரோபரில், போர் முடிந்து ஐந்து மாதத்தில், ரணில் நாணயக்கார தலைமையிலான ஆய்வாளர்களிடம் வடக்கில் ஊரவர்கள் அடித்துக் கொன்ற ஒரு ஆண் சிலந்தி வந்து சேர்ந்தது. வன்னிச் சனத்தில் பெரும்பகுதி அப்போதும் மெனிக்பாமில் முட்கம்பிக்குள் இருந்தது. தொடர்ந்து தேடியதில் மாங்குளம் பகுதியில் பெண் சிலந்திகளும் குஞ்சுகளும் கிடைத்தன. கிடைத்த இடங்களில் ஒன்று மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதி. காலில் மஞ்சள், வயிற்றில் இளஞ்சிவப்புப் பட்டை, கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை. 2012இல் பிரித்தானிய டரன்டுலா சங்கத்தின் சஞ்சிகையில் புதிய இனமாக வெளியிட்டார்கள். தேடலுக்கு உதவிய பொலிஸ் பரிசோதகர் ஒருவரின் நினைவாக 'ரஜாயி' என்று பெயர் வைத்தார்கள். 2013இல் உலக ஊடகங்கள் 'முகத்தளவு சிலந்தி' என்று எழுதித் தள்ளின. மாங்குளம் என்ற பெயர் அந்த நாட்டு வாசகர்கள் பலருக்கு முதன்முதலில் தெரியவந்தது ஒரு சிலந்தியால் என்பதை நினைக்க எனக்கு என்னவோ போலிருந்தது.

பழைய மரங்கள் குறைவதால்தான் இவை கட்டடங்களுக்குள் வருகின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. மரம் எங்கே போனது என்று எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பங்கருக்கு மூடுகட்டையாகத் தறித்த பனைகள், ஷெல் விழுந்து தலை போன பனைகள், போருக்குப் பிறகு லொறியில் போன முதிரையும் பாலையும். பொந்து விழுவதற்கு ஒரு மரம் பல பத்து வருடம் நிற்க வேண்டும். இன்று நடும் கன்று இன்றைய சிலந்திக்கு உதவாது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளின் கூரைச் சிலாகையும் கதவிடுக்கும்தான் அதற்குப் பொந்து.

மன்னாரின் கதை வேறு. இராமேஸ்வரத்தில் ஒரு அனுமார் கோயிலுக்கு அருகே கண்டெடுக்கப்பட்டு 2004இல் 'ஹனுமவிலாசுமிகா' என்று பெயரிடப்பட்ட இனம், புளியந்தோப்பிலும் பனந்தோப்பிலும் வாழ்வது. அந்தச் சிறு பரப்பை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை என்று கருதி, அழிவின் விளிம்பில் உள்ளது எனச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே சிலந்தி மன்னாரில் இருப்பதை 2020இல் இலங்கை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இரண்டு கரையும் ஒரே தரையாக இருந்தது. சிலந்திக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

சட்டம் சொல்வது

2018இல் அமெரிக்கா ஃபாசியாட்டா உட்பட இலங்கையின் ஐந்து பொய்சிலோதீரியா இனங்களைத் தன் அழிவுறும் உயிரினச் சட்டத்தில் சேர்த்தது. மறுவருடம் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், இலங்கையும் அமெரிக்காவும் முன்வைத்த பிரேரணையின்படி, பேரினம் முழுவதும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த நாட்டு எல்லையையும் தாண்ட முடியாது. அதற்கு முன்னரும் இலங்கையின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் காட்டுயிர்களை நாட்டை விட்டுக் கொண்டுபோக இடமில்லை. ஆனால் ஒரு குஞ்சு விரல்நகத்தை விடச் சிறியது. உறிஞ்சுகுழாய்த் துண்டுக்குள் அடைத்துத் தபாலில் அனுப்பியவர்கள் உண்டு. 2010இல் லொஸ் ஏஞ்சல்ஸில் கைதான ஜேர்மன் நாட்டவரின் பொதிகளில் வேறு நாட்டு டரன்டுலாக்கள் நூற்றுக்கணக்கில் உயிரோடு இருந்தன.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் இன்று விற்கப்படும் புலிமுகச் சிலந்திகளில் பெரும்பாலானவை அங்கேயே பெட்டிக்குள் பிறந்தவை. ஊரில் எவரும் "பிடித்துத் தா, காசு தாறன்" என்று வந்தால் அது வேறு வியாபாரம். வீட்டுக்குள் வந்ததை அகற்ற வேண்டுமென்றால் அகலமான போத்தலால் மூடி, அடியில் ஒரு கட்டியான மட்டையைச் செருகி, ஆட்கள் புழங்காத ஒரு பெரிய மரத்தடியில் விடலாம். கையால் தொட வேண்டாம்.

மருமகன் போன மாதம் மீதி நான்கையும் தனித்தனிப் பெட்டிகளுக்கு மாற்றிவிட்டான். அதில் ஒன்று ஆண் என்று இப்போது தெரிகிறதாம். அம்மா ஒன்றைத்தான் கேட்டார்: "அதுகளுக்கு அங்க குளிராதோ?" பெட்டிக்குக் கீழே அல்ல, அறைக்கே ஹீற்றர் போட்டிருக்கிறேன் என்றான். அதுதான் சரியான முறையும்.