'ஹாலோ' வைர மோதிரம் வாங்கப் போறீங்களா? 'மொத்த கேரட்' கணக்கைப் பார்த்து ஏமாறாதீங்க!

நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்ததும் மண்டபத்துக்கு அடுத்தபடியாக வீட்டில் பேச்சு வருவது மோதிரம் பற்றித்தான். முன்பெல்லாம் பெயரின் முதல் எழுத்து பொறித்த தங்க மோதிரம் போதும். இப்போது பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வைர மோதிரம் என்று ஆகிவிட்டது.

நகைக்கடை கவுன்டரில் உட்கார்ந்ததும் தட்டில் முதலில் கண்ணைப் பறிப்பது 'ஹாலோ' மாடல். "75 சென்ட் மேடம், பார்க்க 2 கேரட் மாதிரி இருக்கும்" என்பார் விற்பனையாளர். விலையைக் கேட்டால், 75 சென்ட் ஒற்றைக்கல் மோதிரத்தைவிட நன்றாகவே குறைவு. பெரிதாகத் தெரியுது, விலையும் கம்மி. அது எப்படி?

விடை அந்த '75 சென்ட்' என்ற ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

ஹாலோ என்றால் என்ன?

காலண்டர் சாமி படங்களில் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம் இருக்குமே, அதுதான் ஹாலோ. மோதிரத்தில், நடுவில் ஒரு பெரிய கல், அதைச் சுற்றி வட்டமாக ஒரு வரிசை பொடி வைரங்கள். இரண்டு வரிசை இருந்தால் டபுள் ஹாலோ. மேலிருந்து பார்த்தால் தெரியாமல், நடுக்கல்லுக்குக் கீழே பக்கவாட்டில் மறைந்திருந்தால் ஹிடன் ஹாலோ.

நடுக்கல்லைச் சுற்றிக் கல் பதிப்பது நம்மூருக்குப் புதிதல்ல. ஏழு கல் வைரத்தோட்டில் ஒரு கல்லைச் சுற்றி ஆறு கற்கள் இருக்கும். ஆனால் தோட்டில் ஏழும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஹாலோவில் நடுக்கல் மட்டும் பெரிது, மற்றதெல்லாம் கடுகு அளவு. உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம், இளவரசி டயானாவின் நிச்சயதார்த்த மோதிரம். நடுவில் நீலக்கல், சுற்றிலும் 14 வைரங்கள். 2010-ல் அதே மோதிரத்தை இளவரசர் வில்லியம், கேட் மிடில்டனுக்கு அணிவித்தார்.

சின்னக் கல் பெரிதாகத் தெரிவது எப்படி?

ஒரு கேரட் என்பது 100 சென்ட், அதாவது 0.2 கிராம். இது எடைக் கணக்கு, அளவுக் கணக்கு இல்லை. வட்ட வடிவ 50 சென்ட் வைரத்தின் விட்டம் சுமார் 5.1 மி.மீ. ஒரு கேரட் வைரம் சுமார் 6.5 மி.மீ. எடை இரண்டு மடங்கு ஆனாலும் விட்டம் ஒன்றரை மி.மீ. கூடக் கூடவில்லை.

இப்போது அந்த 50 சென்ட் கல்லைச் சுற்றி 1.3 மி.மீ. பொடி வைரங்களை வரிசையாக வைத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து முகப்பு கிட்டத்தட்ட 8 மி.மீ. வந்துவிடும். 2 கேரட் ஒற்றைக்கல்லின் அளவு அது! அதற்காகச் சேர்த்த வைரம் எவ்வளவு? சுமார் 15 கற்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சென்ட். மொத்தமே 15 சென்ட்தான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. குறைந்த செலவில் பெரிய முகப்பு வேண்டும் என்பவர்களுக்காகவே இருக்கும் டிசைன் இது. சிக்கல் டேக்கில் எழுதியிருக்கும் எண்ணில்தான் வருகிறது.

ஒரே 75 சென்ட், இரண்டு மோதிரம்

டேக்கில் இருப்பது பெரும்பாலும் மோதிரத்தில் உள்ள எல்லா வைரங்களின் மொத்த எடை. உதாரணத்துக்கு இரண்டு மோதிரங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் நடுக்கல் 50 சென்ட், ஹாலோ 15, வளையத்தில் 10. இரண்டாவதில் நடுக்கல் வெறும் 30 சென்ட், இரட்டை ஹாலோ 25, வளையத்தில் 20. இரண்டிலும் மொத்தம் 75 சென்ட். இரண்டின் முகப்பும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் மதிப்பு ஒன்றல்ல.

காரணம், வைரத்தின் விலை தங்கம் மாதிரி எடைக்கு நேராக ஏறுவதில்லை. பெரிய கல் பூமியில் கிடைப்பது அரிது என்பதால், கல் பெரிதாகப் பெரிதாக ஒரு கேரட்டுக்கான விலையே ஏறும். பத்து சென்ட் கல் பத்து சேர்ந்தால் எடை ஒரு கேரட் வரும். ஒரு கேரட் கல்லின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரு சென்ட் பொடிக்கல்லுக்கு மதிப்பு இன்னும் குறைவு. மொத்த எடையைப் பார்த்துப் பணம் கொடுத்தால், பொடிக்கல்லுக்குப் பெரிய கல் விலை கொடுத்த கதையாகிவிடும்.

அதனால் கவுன்டரில் முதல் கேள்வி இதுதான்: "நடுக்கல் மட்டும் எத்தனை சென்ட்? சுத்தியிருக்கிற கல்லெல்லாம் சேர்த்து எத்தனை சென்ட்?" இரண்டுக்கும் எடையும் விலையும் தனித்தனியாக எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் அவசரப்பட வேண்டாம்.

இதே கணக்கை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். 50 சென்ட், ஒரு கேரட் போன்ற முழு எண்களில் விலை சட்டென்று ஏறும். 47, 48 சென்ட் கல்லுக்கும் 50 சென்ட் கல்லுக்கும் விட்டத்தில் வித்தியாசம் 0.1 மி.மீ. அளவுதான். சுற்றிலும் ஹாலோ இருக்கும்போது அது யார் கண்ணுக்கும் தெரியாது. மிச்சமாகும் பணத்தில் நல்ல 'கட்' உள்ள கல்லாகப் பாருங்கள். வைரம் மின்னுவதும் மங்குவதும் முதலில் அதன் பட்டை தீட்டலைப் பொறுத்தது.

நடுவில் இருப்பது ஒரே கல்லா?

இப்படி ஒரு சந்தேகம் வருமா என்று தோன்றலாம். ஆனால் கேட்டே ஆகணும். பல சின்ன வைரங்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்து, ஒரே பெரிய கல் போலக் காட்டும் வேலைப்பாடு ஒன்று உண்டு. கடைகளில் 'பிரஷர் செட்டிங்', 'இல்யூஷன்' என்பார்கள். அதைச் சுற்றி ஒரு ஹாலோவும் வைத்துவிட்டால் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது சாலிட்டேர்தான். தெரிந்தே, அதற்கான விலையில் வாங்கினால் தப்பில்லை. கடையில் இருக்கும் லென்ஸை வாங்கி நேராகப் பார்த்தால் கற்களுக்கு நடுவே உள்ள கோடுகள் தெரிந்துவிடும்.

சான்றிதழ் எதற்கு என்று பாருங்கள்

"சர்டிபிகேட் இருக்கு" என்ற பதில் மட்டும் போதாது. எதற்கான சான்றிதழ் என்பதுதான் விஷயம். முழு நகைக்கும் தரப்படும் சான்றிதழில் மொத்த எடையும், கலர், கிளாரிட்டி இரண்டும் தோராய வரம்பாகவும் இருக்கும். நடுக்கல்லின் தரத்தை அதை வைத்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது. மோதிரத்தில் பதிக்கும் முன், தனிக்கல்லாக ஆய்வு செய்து தரும் அறிக்கை வேறு. ஜி.ஐ.ஏ. ஆய்வகம் தனிக்கல்லுக்கு மட்டுமே தர மதிப்பீடு செய்யும்.

நடுக்கல் 30 சென்ட்டுக்கு மேல் என்றால் தனிக்கல் அறிக்கை கேட்பது நல்லது. அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் செல்போனிலேயே போட்டுப் பார்க்கலாம். பல கற்களின் ஓரத்தில் அதே எண்ணை லேசரில் பொறித்திருப்பார்கள். லென்ஸ் வழியாகக் காட்டச் சொல்லுங்கள். பொடிக்கற்களுக்குத் தனித்தனியாகச் சான்றிதழ் கிடைக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இயற்கையா, லேப் வைரமா?

ஆய்வகத்தில் வளர்க்கும் வைரமும் வைரம்தான், கண்ணாடிக் கல் கிடையாது. ஆனால் விலையில் பெரிய இடைவெளி இருக்கிறது; அது கூடிக்கொண்டே போகிறது. டி பீர்ஸ் நிறுவனம் 2018-ல் கேரட் 800 டாலர் என்று லேப் வைர நகைகளுக்காக லைட்பாக்ஸ் என்ற பிராண்டையே தொடங்கியது. விலை சரிந்த நிலையில் 2025-ல் அதை மூடுவதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் இருந்து ஜி.ஐ.ஏ. லேப் வைரங்களுக்குப் பழையபடி கலர், கிளாரிட்டி கிரேடு தருவதை நிறுத்திவிட்டு, 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என்று மட்டும் வகைப்படுத்துகிறது.

ஹாலோவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நடுக்கல் இயற்கை வைரமாக இருந்து, சுற்றியுள்ள பொடிக்கற்கள் லேப் வைரமாக இருக்க வாய்ப்பிருக்கிறது. கடைகளில் கல்லில் வைத்து 'பீப்' என்று ஒலிக்கும் பேனா போன்ற சாதாரண டெஸ்டரால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு இரண்டுமே வைரம். வெப்பத்தை மட்டும் சோதிக்கும் டெஸ்டர்களில் மொய்சனைட் கல்லும் வைரம் என்று காட்டிவிடலாம். எனவே 'எல்லாக் கற்களும் இயற்கை வைரம்' அல்லது 'லேப் வைரம்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். திரும்பக் கொடுத்தால், மாற்றிக்கொண்டால் எத்தனை சதவீதம் கிடைக்கும், அதில் பொடிக்கல்லுக்கு மதிப்பு உண்டா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல்லில் சொன்ன 'பை-பேக்' பில்லில் இல்லாமல் போவதுதான் பின்னாளில் சண்டையில் முடிகிறது.

பில்லில் கவனிக்க வேண்டியது

ஹால்மார்க், ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இரண்டும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும்தான். வைரத்துக்கு அவை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. வைர மோதிரங்கள் பெரும்பாலும் 18 கேரட் தங்கத்தில் வரும். 22 கேரட் மென்மையானது, பொடிக்கற்களை இறுக்கிப் பிடிக்காது. எனவே தங்கத்துக்கு 18 கேரட் விலையைத்தான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கல்லின் எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்க விலை. 4 கிராம் மோதிரத்தில் 75 சென்ட் வைரம் இருந்தால், தங்கம் 3.85 கிராம். கழிக்காமல் விட்டால் அந்த 0.15 கிராமும் உங்கள் காசுதான். செய்கூலி, சேதாரம் பேரம் பேசக்கூடிய இடம். மொத்தத்துக்கும் 3 சதவீத ஜி.எஸ்.டி. வரும்.

தினமும் போட முடியுமா?

போடலாம், கொஞ்சம் கவனம் வேண்டும். ஹாலோவின் பொடிக்கற்களைப் பிடித்திருப்பது மிகச் சின்னத் தங்கக் கொக்கிகள். பட்டுப்புடவை நூல், துப்பட்டா, தலைமுடி எதில் வேண்டுமானாலும் மாட்டும். வாங்கும்போதே ஒரு டிஷ்யூ பேப்பரை முகப்பின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மாட்டினால் வேலைப்பாடு சரியில்லை. நடுக்கல்லின் கலரும் ஹாலோவின் கலரும் ஒத்துப்போகிறதா என்பதைக் கடையின் ஸ்பாட்லைட்டில் பார்க்காமல் வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் பளிச் வெள்ளையாக இருந்தால் நடுக்கல் மஞ்சளடித்துத் தெரியும்.

மாவு பிசையும்போதும் மஞ்சள் அரைக்கும்போதும் கழற்றி வைத்துவிடுங்கள். இடுக்கில் அழுக்கு சேர்ந்தால் ஹாலோ மங்கிப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், பழைய மென்மையான டூத் பிரஷ் போதும். கழுவும்போது சிங்க் அடைப்பானைப் போட மறக்காதீங்க. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்துக் கொக்கிகளைச் சரிபார்க்கச் சொல்லலாம். காதருகே வைத்து விரலால் தட்டும்போது 'கிளிக்' என்று கல் ஆடும் சத்தம் வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

விரல் அளவு சரியாகக் கொடுப்பதும் முக்கியம். வளையம் முழுக்கக் கல் பதித்த மோதிரத்தைப் பிறகு பெரிதாக்குவதும் சின்னதாக்குவதும் கஷ்டம். காலையில் எடுத்த அளவு சாயங்காலம் இறுக்கும். எனவே மோதிரத்தை சர்ப்ரைஸாகக் கொடுக்க நினைப்பவர்கள், அவர் ஏற்கெனவே அதே விரலில் போடும் ஒரு மோதிரத்தைக் கடைக்கு எடுத்துப் போவது பாதுகாப்பு.