பெட்டியில் ஏறிய பாய்மரப் படகு

டிரான்சிஸ்டர் வரும்வரை ரேடியோ வீட்டுக் கூடத்தை விட்டு நகர்ந்ததில்லை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. கைப்பிடி வைத்த வால்வு ரேடியோக்கள் படகிலும் கடற்கரையிலும் பாடியதுண்டு. தூக்கிச் சென்றவரின் தோள்தான் கொஞ்சம் வலித்திருக்கும்.

இந்த இனத்தில் பேர்பெற்றது அமெரிக்காவில் ஸெனித் கம்பெனி செய்த டிரான்ஸ்-ஓஷியானிக். கம்பெனித் தலைவர் யூஜின் மக்டொனால்டு கடல்மேல் பித்துக் கொண்டவர். 1925-ல் வடதுருவப் பயணம் ஒன்றில் கப்பலுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர். தம் உல்லாசப் படகில் இருந்தபடியே தூரதேசத்துச் செய்தி கேட்க ஒரு பெட்டி வேண்டும் என்பது அவருடைய ஆசை. சிற்றலையையும் எடுக்கும் அந்தப் பெட்டி 1942 தொடக்கத்தில் வெளிவந்தது. அதன் முகப்புத் துணியில் பாய்மரப் படகு ஒன்றின் சித்திரம் இருந்தது.

ஆனால் 1941 டிசம்பரிலேயே பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்துவிட்டதல்லவா? உல்லாசம் பேசும் காலம் போய்விட்டது. படகு இருந்த இடத்தில் குண்டுவீச்சு விமானம் வந்து உட்கார்ந்துகொண்டது. 1942 ஏப்ரலில் அரசாங்க உத்தரவு பிறந்து, பொதுமக்களுக்கான ரேடியோ உற்பத்தியே நின்றது. யுத்தத்தின் கதையை ஒரு சாண் துணியில் சொல்லிவிட்ட பெட்டி அது. படகுச் சித்திரம் உள்ளதைச் சேகரிப்பவர்கள் இன்றும் வலை வீசித் தேடுகிறார்கள்.

வால்வைப் பாட்டரியில் பேச வைப்பது லேசான காரியமன்று. இழை சூடேற ஒரு மின்சாரம் வேண்டும். ஒலி பிறக்க அதைவிடப் பன்மடங்கு அழுத்தமுள்ள மற்றொன்று வேண்டும். யுத்தத்துக்குப் பின் வந்த மாதிரிகளில் முன்னதற்கு 9 வோல்ட், பின்னதற்கு 90 வோல்ட். இரண்டும் சேர்ந்த பாட்டரிக் கட்டு கனத்தது, விலையும் கனத்ததுதான். 1954-ல் ரீஜென்ஸி என்ற சின்னஞ்சிறு டிரான்சிஸ்டர் ரேடியோ 22.5 வோல்ட் பாட்டரி ஒன்றோடு சட்டைப்பையில் ஏறியபோதே வால்வுக்கு நாள் குறித்தாயிற்று. ஸெனித்தே 1957-ல் டிரான்சிஸ்டர் பெட்டியை வெளியிட்டது. ஆயினும் பழைய வால்வுப் பெட்டியை உடனே கைவிடவில்லை. 1962 வரை அதுவும் விற்பனையில் இருந்தது.

அந்தப் பாட்டரிக் கட்டு இன்று கடையில் கிடைக்காது. ஆகவே சேகரிப்பவர்கள் சின்ன 9 வோல்ட் பாட்டரிகள் பத்தை வரிசையாகக் கோத்து 90 வோல்ட் உண்டாக்குகிறார்கள்; 1.5 வோல்ட் பாட்டரிகள் ஆறு இழைகளுக்கு. இழைகள் எல்லாம் ஒரே சரமாக இணைக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் பெட்டி முழுவதும் ஊமை. கம்பி மாறி 90 வோல்ட் அந்தச் சரத்தில் பாய்ந்தாலோ, கண் இமைப்பதற்குள் இழைகள் கருகிவிடும். அவற்றுள் 1எல்6 என்ற வால்வு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை கேட்டால் மயக்கம் வரும். இதனால்தான் விஷயம் அறிந்தவர்கள், பழுதான காகிதக் கன்டென்சர்களை மாற்றுமுன் சுவிட்சில் கை வைப்பதில்லை.

இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய பெட்டிக்குக் கேட்க என்ன இருக்கிறது? பி.பி.சி. 2001-ல் வட அமெரிக்காவுக்கான சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. வேறு பல நிலையங்களும் ஓய்ந்துவிட்டன. இதைப் பார்த்து, வீண் வேலை என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஓய்ந்தவை போக மிஞ்சிய நிலையங்கள் இன்னும் சில உண்டு. இரவில் அந்தப் பெட்டியைத் திருப்பி, இரைச்சலுக்கு நடுவே எங்கிருந்தோ வரும் ஒரு குரலைப் பிடிப்பவருக்கு, மக்டொனால்டு நடுக்கடலில் எதற்கு ஏங்கினார் என்பது விளங்கிவிடும்.