மஞ்சளில் தொடங்கும் சிட்டை



என் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "டீச்சர், மாமியார் ஒரு ஊரு, நாங்க ஒரு ஊரு. வீட்டுச் சாமான் லிஸ்ட்டை எல்லாரும் பார்த்து எழுதுற மாதிரி சுலபமா ஒரு வழி சொல்லுங்களேன்." ஆப்களின் பெயரெல்லாம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள், அதனால் சிட்டையின் வரலாற்றைத்தான் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடிக்கும் என்ற பயமில்லை, நிதானமாகப் படியுங்கள்.

நம் பக்கத்தில் மளிகைச் சிட்டைக்கு ஒரு இலக்கணம் உண்டு. தலையில் பிள்ளையார் சுழி. முதல் வரி மஞ்சள். வீட்டில் மஞ்சள் நிறைய இருந்தாலும் முதல் வரி மஞ்சள்தான். அதற்குப் பிறகுதான் உப்பு, புளி, மிளகாய், மல்லி, பருப்பு என்று வரிசை. இந்த வரிசையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் அப்பத்தா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. ஆனால் வீட்டில் என்ன தீர்ந்தது, எது பத்து நாள் தாங்கும் என்று தெரிந்தவர்கள் பெண்கள்தான். ஆக, விஷயம் தெரிந்தவருக்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்தவருக்கு விஷயம் தெரியாது. அப்பத்தா சொல்வார், மூன்றாம் வகுப்பு படித்த நான் எழுதுவேன், சித்தப்பா கொண்டு போவார், கடைக் கணக்குப்பிள்ளை படிப்பார். நாலு கை மாறுவதற்குள் "நல்ல மிளகு" வெறும் மிளகாய் ஆன மாதமும் உண்டு.

அந்த 1960 வாக்கில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. அப்பத்தா சொல்வது வீசை, பலம், படி, ஆழாக்கு. பலத்துக்கு மூன்று தோலா, வீசைக்கு நாற்பது பலம். இன்றைய கணக்கில் ஒரு வீசை ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். எட்டு ஆழாக்கு ஒரு படி. அந்தப் படியும் ஊருக்கு ஊர் மாறும். 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடை படிப்படியாக நுழைந்தது. 1962-ல் கட்டாயமானது. "அரை வீசை புளி" என்று எழுதிப் போனால் கடையில், "அரைக் கிலோ போடட்டுமா, முக்கால் கிலோ போடட்டுமா?" என்று கேட்பார்கள். சரியான விடை 700 கிராம். யார் சொல்வது?

காசும் அப்படித்தான். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. அதுவரை 16 அணா. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அந்தக் கால் கடைக்காரருக்கா, நமக்கா என்பதில் நடந்த வாக்குவாதங்களை நானே கேட்டிருக்கிறேன். கூட்டல் வட்டம் தெரியாதவர்கள் தலையில்தான் பெரும்பாலும் அது விழுந்தது.

எழுத்து இல்லாமலே சிட்டை எழுத முடியுமா? முடியும். இத்தாலியச் சிற்பி மைக்கலாஞ்சலோ, 1518-ல் தனக்கு வந்த கடிதம் ஒன்றின் பின்பக்கத்தில் சாப்பாட்டுப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ரொட்டி, மீன், ஒயின் குடுவை என்று படமும் வரைந்திருக்கிறார். படிக்கத் தெரியாத வேலையாளுக்காக வரைந்தது என்று பலர் கருதுகிறார்கள். அந்தத் தாள் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அப்பத்தாவுக்குத் தயிர்க்காரியுடன் இருந்த ஏற்பாடும் இதே ஜாதிதான். வாசல் சுவரில் ஒரு நாளைக்கு ஒரு கரிக்கோடு. மாசக் கடைசியில் இரண்டு பேரும் நின்று எண்ணுவார்கள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனாலும் கணக்கில் ஒரு நாள் சண்டை வந்ததில்லை. ஏனென்றால் எழுதியதை இரண்டு பேராலும் படிக்க முடிந்தது.

கடைப் பற்று நோட்டு அப்படி இல்லை. அதை எழுதுவதும் படிப்பதும் கடைக்காரர் ஒருவரே. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெண்கள் கூட்டம் கூட்டமாக எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட காலம். நான் மாலையில் பாடம் எடுத்த இடத்துக்குக் கல் உடைக்கும் அம்மா ஒருவர் தன் பற்று நோட்டைக் கொண்டு வந்தார். எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். ஒரே தேதியில் கால் லிட்டர் எண்ணெய் இரண்டு முறை இருந்தது. மறுநாள் கடைக்குப் போய் அந்த வரியை அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். "அ, ஆ" கற்றதைவிட அந்த ஒரு கோடு அவருக்குப் பெரிதாக இருந்தது. இரண்டு வேளைக் கூலி அதில் இருக்கிறது என்றார்.

இப்போது நம் காலம். ரேஷன் அட்டை 2017 முதல் ஸ்மார்ட் கார்டு. என்ன வாங்கினோம் என்று குறுஞ்செய்தி வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரிசையில் நிற்பது அம்மா, பதிவு செய்திருப்பது மகன் நம்பர் என்றால் செய்தி சென்னைக்குப் போகிறது. மறுபடி பற்று நோட்டு கதைதான்; எழுதியது ஒரு இடம், தெரிய வேண்டியவர் இன்னொரு இடம்.

எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. அண்ணன் போன பிறகு மதினி ஊரில் தனியாக இருக்கிறார். அண்ணன் மகன் பொறுப்பான பிள்ளை. சென்னையிலிருந்து போனில் மாதாமாதம் சாமான் வரவழைத்துக் கொடுத்தான். ஒரே லிஸ்ட், ஒரே அளவு. நான் போனபோது அடுக்கில் எட்டுப் பாக்கெட் துவரம்பருப்பு பிரிக்காமல் இருந்தது. மதினி இப்போது இரவில் கஞ்சிதான் குடிக்கிறார், அவருக்கு வேண்டியது பாசிப்பருப்பு. "சொல்ல வேண்டியதுதானே மதினி?" என்றேன். "அவனே தேடித் தேடி அனுப்புறான். இதுல நான் என்னத்தச் சொல்ல?" என்றார். நாற்பது வருஷம் அந்த அடுப்படியை ஆண்டவர். பருப்பு மிஞ்சியதைவிட அந்தப் பேச்சுதான் என்னைச் சுட்டது.

பிறகு மூன்று வழி பார்த்தோம். பகிர்ந்து எழுதும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். மதினி விரல் பட்டுப் பாதி லிஸ்ட் அழிந்தது. அப்புறம் அதைத் தொடவே பயந்தார். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னோம். பேசினார், ஆனால் நாலு நிமிஷப் பேச்சில் சீரகம் எங்கே வந்தது என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும், நூலில் கட்டிய பென்சிலும் அடுப்படி ஆணியில் தொங்கின. எது தீர்கிறதோ அதை அப்போதே எழுதுவார். மாசக் கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும். அதே பக்கத்தோடு மதினி தெருமுனைக் கடைக்குப் போவார். வாங்க வாங்க வரியை அடிப்பார். பணத்தைச் சென்னையிலிருந்து மகன் போனிலேயே கட்டிவிடுகிறான். முதல் மாதப் பக்கத்தில் மஞ்சளுக்குக் கீழே பாசிப்பருப்பு இருந்தது. கருப்பட்டி கால் கிலோவும் இருந்தது. அம்மாவுக்குக் கருப்பட்டிக் காப்பி பிடிக்கும் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆகவே என் மாணவிக்கும் உங்களுக்கும் நான் சொல்வது இதுதான். ஆப்போ, நோட்டோ, சுவரில் கரிக்கோடோ, எதை வேண்டுமானாலும் வையுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அடுப்பைப் பார்ப்பவரால் அதில் தானே எழுத முடியுமா? தானே ஒரு வரியை அடிக்க முடியுமா? கடைக்குப் போகிறவரால் நின்ற இடத்தில் படிக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதுவே உங்கள் வீட்டுக்குச் சுலபமான வழி. ஒன்றுக்கு இல்லை என்றாலும், எவ்வளவு புதியதாக இருந்தாலும், அது வீட்டில் ஒருவரை வாய் மூட வைத்துவிடும்.

உங்கள் வீட்டுச் சிட்டையை இப்போது யார் எழுதுகிறார்கள்? முதல் வரி இன்னும் மஞ்சள்தானா? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்